சுஜா முகர்ந்த பிளேட்

அந்தச் சனிக்கிழமை காலை எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஆறு பேர். வேதமாணிக்கம் ஆகிய நான். என் மனைவி செல்லக்கனி. எங்கள் மகன் ஜெபசிங். அவன் மனைவி சுஜா. என் தங்கை ரெஜினா. ஆறாவதாக, புளியந்தோப்பிலிருந்து கையில் ஒரு ஒயர் கூடையோடு வந்த கெங்கம்மா. வேறு ஒருவரும் அங்கே இல்லை.

பெயர்களை முதலிலேயே எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. அன்று எங்கள் கேட்டைக்கூடத் தாண்டாதவர்கள் எல்லாம் இப்போது ராயபுரத்தில் கண்ணால் பார்த்த சாட்சிகளாகிவிட்டார்கள். அந்தக் கூடைக்குள் என்ன இருந்தது என்று எனக்கே சொல்லித் தருகிறார்கள். கூடைக்குப் பிறகு வருகிறேன்.

தொடர்ந்து படிப்பவர்களுக்குச் சுஜாவின் காய்ச்சலைப் பற்றித் தெரியும்; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் மருமகள் எம்.எஸ்ஸி. படித்தவள். டோல்கேட்டில் ஒரு பரிசோதனைக் கூடத்தில், நோயாளிகளின் ரத்தத்தில் என்ன கிருமி இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் பிரிவில் வேலை. சாயங்காலம் ஆனால் அவளுக்குக் காய்ச்சல் வரும். விடிவதற்குள் தலையணை நனைய வியர்த்து இறங்கிவிடும். சில நாள் ஒன்றும் இருக்காது. நாங்கள் நிம்மதியாக மூச்சு விடுவோம். மறுபடியும் வரும்.

டைபாய்டு இல்லை, மலேரியா இல்லை, டெங்கு இல்லை. முதுகு வலி மட்டும் ஏறிக்கொண்டே போனது. எங்கள் குடும்ப டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, முதுகெலும்பில் டிபியாக இருக்கலாம், திங்கட்கிழமை முதல் மாத்திரை தொடங்கிவிடலாம் என்றார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தெரிந்ததைச் சொன்னார்.

டிபி என்ற சொல் வீட்டுக்குள் வந்த அன்றே ரெஜினாவும் வந்தாள். அவள் மகன் அபினுக்கு நிச்சயதார்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. பெண் வீட்டார் தூத்துக்குடியில் பேர் சொல்லும் குடும்பம். அவர்கள் வந்து எங்கள் வீட்டில்தான் இறங்குவதாக ஏற்பாடு.

"குணமாகிற வரைக்கும் சுஜா அவ அம்மா வீட்டுல இருக்கட்டும் அண்ணே. மார்த்தாண்டத்துல நல்ல காத்து" என்றாள்.

நான் சரி என்றேன். குடும்பத்தின் பெயர் என் பொறுப்பு. சனிக்கிழமை மாலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. சுஜா மறுபேச்சு பேசவில்லை. பெட்டியை அடுக்கி முன்னறையில் கொண்டுவந்து வைத்தாள். ஜெபசிங் மட்டும் இரண்டு நாளாக என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. எங்கள் கருப்பட்டி மண்டியில்கூட, "வத்தல் மூட்டை வந்துட்டுன்னு அப்பாகிட்டச் சொல்லு" என்று கணக்குப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பினான். நான் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

இதுதான் சனிக்கிழமை காலை எங்கள் வீடு. அப்போதுதான் கேட் தட்டும் சத்தம்.

"நைனா, சுஜா மேடம் வூடு இதானே?"

நான் யாருக்கும் நைனா இல்லை. என் பிள்ளைகள்கூட என்னை அப்படி அழைத்ததில்லை.

"யாரும்மா நீ?"

"நானு கெங்கம்மா. புளியாந்தோப்பு, ஹவுஸிங் போர்டு. மேடத்த ஒரு தபா பாத்துட்டுப் போயிடறேன்."

"அவளுக்கு மேலுக்குச் சுகமில்ல. லேப் விஷயம்னா லேபுக்குப் போ."

"அங்க போய்ட்டுத்தான் வந்துகினு கீறேன். லீவுல கீறாங்கோன்னு சொன்னாங்க. வாட்ச்மேன்தான் சொன்னாரு, கல்மண்டபத்துல போயி கருப்பட்டி மண்டி வேதமாணிக்கம் வூடு எங்கன்னு கேளு, சின்னக் கொயந்தகூடக் காட்டும்னு."

இந்தக் கடைசி வார்த்தை என்னைக் கொஞ்சம் நிறுத்தியது. அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் கேட்டைத் திறக்கவில்லை.

உள்ளிருந்து ரெஜினா குரல் கொடுத்தாள். "யாருண்ணே? ஏதாவது கேட்டு வந்திருக்காளா?"

"கேக்க வர்லக்கா. குடுக்க வந்துகீறேன்" என்றாள் கெங்கம்மா, என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து.

செல்லக்கனிதான் வந்து தாழ்ப்பாளை நீக்கினாள். "வெயில்ல நிக்கா, பாவம். உள்ள வரட்டும்." நாற்பது வருடக் குடித்தனத்தில் என்னைக் கேட்காமல் அவள் கேட்டைத் திறந்தது எனக்கு நினைவில்லை.

சத்தம் கேட்டுச் சுஜா அறையிலிருந்து மெதுவாக வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள் அப்போது. கெங்கம்மா அவளைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே அவள் காலில் விழுந்தாள்.

"ஐயோ, என்னங்க இது. எழுந்திரிங்க!"

"நீதானா கண்ணு அது? இம்மாத்தூண்டு பொண்ணா? எம்புருசன எழுப்பி நடக்க வெச்ச ஆளப் பாக்கணும்னு எத்தினி நாளா அலையறேன் தெரியுமா?"

"உங்க புருஷன் யாரு? எனக்குத் தெரியலையே."

"உனுக்கு எப்டித் தெரியும்? நீ அவன் மூஞ்சியவா பாத்த? அவன் ரத்தத்தத்தான பாத்த."

பிறகு அவள் சொன்னது இது. அவள் கணவனுக்குப் புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில், ஆடு அறுக்கும் இடத்தில், குடல் கழுவும் வேலை. மாதக்கணக்காகக் காய்ச்சல், முதுகு வலி. ஒருவர் டைபாய்டு என்றார், இன்னொருவர் நரம்பு என்றார், அக்கம்பக்கத்தில் குடி என்றார்கள். கடைசியாகத் தெருமுனை கிளினிக் டாக்டர் ரத்தம் எடுத்து டோல்கேட் லேபுக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

"அத்தோட பெரியாஸ்பத்திரி டாக்டரு சொன்னாரு. கெங்கம்மா, அந்த லேப்ல ஒரு பொண்ணு, ஒண்ணும் வளரலன்னு தூக்கிப் போடாம வெச்சி வெச்சிப் பாத்து, பெரிய எடத்துக்கு அனுப்பி வெச்சிகீது. அது மட்டும் வுட்டிருந்தா உன் வூட்டுக்காரன் இன்னமும் பாயிலதான் கெடப்பான். போயி அதுக்கு ஒரு நன்றி சொல்லுன்னாரு. அத்தான் வந்தேன்."

"அவர் பேர் என்ன?" என்றாள் சுஜா.

"சின்னப்பையன்."

சுஜா சிரித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் பார்த்தோம்.

"அம்பத்திரண்டு வயசு சின்னப்பையன்! ஞாபகம் இருக்கு. பேரையும் வயசையும் பார்த்துட்டு நானும், லேப்ல கூட வேலை பார்க்கிற சௌமியாவும் சிரிச்சிட்டு இருந்தோம்."

"ஐய, எங்க தெருவே அத்தச் சொல்லித்தான் சிரிக்கிது. கெயவன் ஆயிட்டான், இன்னும் சின்னப்பையன்!"

"கடைசியில அவருக்கு என்ன நோய்னு சொன்னாங்க? நான் அனுப்பி வச்சதோட லீவுல வந்துட்டேன். ரிசல்ட் எனக்குத் தெரியவே தெரியாது."

"ஆடு மாட்டுக்கு வர்ற ஜொரமாம். அதுங்களுக்கு வந்தா குட்டி வவுத்துலயே கலஞ்சி பூடுமாமே? இவன் தெனம் கொடலு கய்வறான்ல, கையெல்லாம் கத்தி வெட்டு. அது வழியா பூந்துகினிச்சாம். சாயங்காலமானா ஜொரம், ராத்திரியெல்லாம் வேர்வ, முதுவு இடுப்பெல்லாம் வலி. இன்னாவோ பேரு சொன்னாரு டாக்டரு."

சுஜாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"ப்ருசெல்லாவா?"

"ஆங். அத்தேதான்."

மார்த்தாண்டத்துக்குப் போகக் கட்டி வைத்திருந்த பெட்டியின் மேல் சுஜா உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவள் ஜெபசிங்கைப் பார்த்துச் சொன்னாள்:

"அந்த பிளேட்ட நான் மோந்து பார்த்தேங்க."

இதை விளக்க வேண்டும். பிளேட் என்பது மூடி போட்ட, உள்ளங்கை அளவு வட்டத் தட்டு. அதில் கடல்பாசிக் கூழ் உறைந்திருக்கும். நோயாளியின் ரத்தத்தில் கிருமி இருந்தால், அந்தக் கூழின் மேல் புள்ளி புள்ளியாக வளரும். ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு வாசனை உண்டாம். ஒன்று திராட்சை ரசம் போல மணக்குமாம். ஒன்று மரச்சாமானைத் துடைக்கிற மருந்து போல. அந்தக் காலத்து வாத்தியார்கள் மூடியைத் தூக்கி முகர்ந்தே கிருமியின் பெயரைச் சொல்லிவிடுவார்களாம். சுஜாவுக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தவர் அப்படிப்பட்டவர். இப்போது முகரக் கூடாது என்று எல்லா இடத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஆனாலும் மூடியைத் திறந்த கை மூக்குக்குப் போய்விடுகிறது.

எனக்கு அது புரிந்தது. வத்தல் மூட்டையைப் பிரித்தால் நானும் முதலில் ஒரு கை அள்ளி முகர்வேன். சுஜாவைப் பெண் பார்க்கப் போனபோது எங்கள் மண்டியிலிருந்து ஒரு ஓலைப்பெட்டி கருப்பட்டி கொண்டுபோயிருந்தோம். தட்டோடு வந்த பெண் அதில் ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டு, "மாமா, உங்களுக்கு அனுப்பினவங்க இதுல சீனி சேத்திருக்காங்க" என்றாள். அவள் தாயார் வெட்கத்தில் செத்துப்போனார்கள். நான் அந்த நிமிடமே செல்லக்கனியிடம் சொன்னேன், இவள்தான் நம் வீட்டுக்கு என்று. என் மருமகளின் மூக்கைப் பற்றி நான் பெருமை பேசாத வியாபாரி ராயபுரத்தில் இல்லை.

"மெஷின் வேற ஏதோ பேர் காட்டுச்சு மாமா" என்றாள் சுஜா என்னிடம். "எனக்கு நம்பிக்கை வரல. ரொம்பப் பொடிப் புள்ளி, ரொம்ப மெதுவா வளர்ந்துச்சு. வாசனை எதாவது வருதான்னு திரும்பத் திரும்ப மூடியத் தூக்கினேன். ஒரு வாசனையும் இல்ல. சரி, இது நமக்குத் தெரிஞ்ச கிருமி இல்லன்னு பெரிய லேபுக்கு அனுப்பினேன். மூடியத் திறந்து வச்சு வேலை பார்க்கிற கிருமியே இல்ல அது. காத்துல வந்து மூச்சுல போயிடும். அது தெரியாம..."

"அப்ப இத்தன நாளு நீ ஏன் சொல்லல?" என்றான் ஜெபசிங்.

"தினம் எத்தனை பிளேட். எல்லாத்தையும்தான் பார்க்கிறேன். எதைன்னு சொல்வேன்?"

ரெஜினா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள். "ஒட்டுவாரொட்டியா இது?"

"ஆள்கிட்ட இருந்து ஆளுக்கு இப்படிச் சாதாரணமா வராது அத்தை. பயப்படாதீங்க. ஆனா மாமா, இதுவா இருந்தா திங்கட்கிழமை டிபி மாத்திரை போடுறது சரியில்ல. இதுக்கு வேற சோதனை இருக்கு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாலையில் ரயில். பெட்டி கட்டியாயிற்று. மார்த்தாண்டத்துச் சம்பந்தி வீட்டுக்கும் சொல்லியாயிற்று.

கெங்கம்மாதான் முதலில் எழுந்தாள். "இன்னா எல்லாரும் பேஜாரா நின்னுகினு கீறீங்க? எங்க டாக்டரு சனிக்கெயம மத்தியானம் வரிக்கும் கீவாரு. எம்புருசனும் இன்னிக்கு ஊசி போட்டுக்க அங்கதான் கீறான். வா நைனா, நானு இட்டுகினு போறேன்."

"அண்ணே" என்று ரெஜினா என் காதருகே வந்தாள். "அந்தப் பொம்பள கூட நீங்க ஆட்டோல போனா தெருவே பாக்கும்."

"பாக்கட்டும். வெளுத்த வேட்டிதான் கட்டியிருக்கேன்" என்றேன். செருப்பை மாட்டினேன்.

ஆட்டோவில் பின்னால் மூவர் உட்கார்ந்ததும் எனக்கு இடம் டிரைவர் பக்கத்தில் பாதி சீட்டுதான். என் வயதில் இப்படிப் போவது இதுவே முதல் தடவை. கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்ற ரோட்டில், சந்து கிடைத்த இடத்தில் எல்லாம் அந்த ஆள் வண்டியைச் செருகினான்.

"யோவ் மாமு, பள்ளம் பாத்து ஓட்டு! உள்ள நோயாளி கீது!" என்று கெங்கம்மா பின்னாலிருந்து அதட்டினாள்.

"நானு இன்னா ஏரோப்பிளேனா ஓட்றேன்? ரோடு அப்டிக் கீது!"

"ரோடு அப்டித்தான் கீது. நீ இப்டி ஓட்டு!"

ஜெபசிங் சிரித்தான். பிறகு, "அப்பா, வெளிய சாயாதீங்க, பிடிச்சுக்கோங்க" என்றான். இரண்டு நாளுக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசிய வார்த்தை. நான் பிடித்துக்கொண்டேன்.

பெரியாஸ்பத்திரி டாக்டர் பெயர் செங்குட்டுவன். இளவயதுக்காரர்தான். எங்கள் முறை வந்தபோது அவர் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டிருந்தார். கெங்கம்மா சொன்னாள்: "டாக்டரே, நீ நன்றி சொல்லச் சொன்னியே, அந்தப் பொண்ணு. இட்டுகினு வந்துட்டேன். அதுக்கும் அதே ஜொரம்."

அவர் பேனாவை வைத்தார். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"டோல்கேட் லேப் சுஜா நீங்கதானா? உட்காருங்க. முதல்ல உட்காருங்க."

நான் பல அலுவலகங்களில் காத்து நின்றவன். என் மகனின் பள்ளிக்கூடத்தில், துறைமுகத்தில், மாநகராட்சியில். எங்கள் குடும்பத்து ஆள் ஒருவருக்காக மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்தவர் எழுந்து நின்றதை அன்றுதான் கண்டேன். அதுவும், ஊருக்குத் தெரியக் கூடாது என்று நான் ரயிலேற்ற இருந்த பெண்ணுக்காக.

அவர் கேள்விகள் கேட்டார். சுஜா பதில் சொன்னாள். முகர்ந்ததையும் சொன்னாள். அவர் திட்டவில்லை. "நாங்க எல்லாரும் ஒரு காலத்துல செஞ்சதுதான்" என்றார்.

ரத்தம் எடுத்தார்கள். அந்தக் குப்பியை எடுத்துக்கொண்டு நர்ஸ் கிளம்பும்போது சுஜா அவசரமாகக் கையை நீட்டினாள்.

"சிஸ்டர், ஒரு நிமிஷம். டாக்டர், என்ன சந்தேகம்னு மேலேயே எழுதி அனுப்புங்க. அங்க திறக்கிறவங்களுக்குத் தெரியணும். காத்து வெளிய வராத கண்ணாடிக் கூண்டுக்குள்ள வச்சுத் திறக்கட்டும். யாரும் மூக்குக்குக் கொண்டுபோயிடக் கூடாது."

டாக்டர் சிவப்பு மையில் எழுதினார். எழுதி முடித்துச் சுஜாவிடமே காட்டினார். காய்ச்சலில் உட்கார முடியாமல் உட்கார்ந்திருந்தவள் அதை ஒருமுறை படித்துப் பார்த்துத்தான் விட்டாள்.

கிருமி வளர்ந்து தெரிய நாளாகும், ஆனால் அன்றே தெரியும் சின்னச் சோதனை ஒன்று உண்டு என்றார்கள். வெளியே பெஞ்சில் காத்திருந்தோம்.

தாழ்வாரத்தின் மறுமுனையில் நரைத்த மீசையோடு உயரமான ஒருவர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். கெங்கம்மா கை தட்டி அழைத்தாள்.

"யோவ், இங்க வா! இவங்கதான் மேடம்."

சின்னப்பையன் வந்தார். வணக்கம் வைத்தார். தலைப்பாகைத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டு நின்றார்.

"இன்னாய்யா மரம் மாதிரி நிக்கிற? மேடத்துக்கு நடந்து காட்டு!"

அவர் திரும்பினார். தாழ்வாரத்தின் கடைசி வரை, எதையும் பிடிக்காமல் நடந்தார். அங்கே சுவரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பி நடந்து வந்தார். கொஞ்சம் இடுப்பைச் சாய்த்துத்தான் நடந்தார். ஆனால் நடந்தார். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

சுஜா முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதாள். இத்தனை வாரக் காய்ச்சலில் அழாதவள்.

"நானும் இப்படித்தான் கெடந்தேன் மேடம்" என்றார் சின்னப்பையன் ஒருவழியாக. "எழுந்துடுவீங்க."

சோதனை முடிவு வந்தது. அதுதான். ப்ருசெல்லா.

"நல்ல நேரத்துல வந்தீங்க பெரியவரே" என்றார் டாக்டர். "டிபிக்குக் கொடுக்கிற மாத்திரைகள்ல ஒண்ணு இதுக்கும் கொடுக்கிறதுதான். அதைப் போட்டிருந்தா பாதி அமுங்கியிருக்கும். குணமாயிட்டுதுன்னு நீங்களும் நினைச்சிருப்பீங்க. பிறகு திரும்பி வந்து முதுகெலும்ப ஒரு வழி பண்ணியிருக்கும். கல்ச்சர் ரிசல்ட் வரட்டும், ஆனா மருந்த இன்னிக்கே தொடங்கிடலாம். வாரக்கணக்குல விடாம சாப்பிடணும். சரியாயிடும்."

நான் கெங்கம்மாவின் பக்கம் திரும்பினேன். கைகளைக் கூப்பினேன்.

"ஐய, இன்னா நைனா நீ" என்று அவள் என் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டாள். "உன் மருமவ எனுக்குச் செஞ்சதுக்குத்தான நானு வந்தேன். கணக்கு நேராப் பூட்ச்சு."

நைனா என்று கூப்பிடாதே என்று சொல்ல எனக்கு அப்போது தோன்றவில்லை.

அவர்கள் இருவரையும் வீட்டுக்கு அழைத்து வந்தேன். செல்லக்கனி சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தாள். எங்கள் சாப்பாட்டு மேசையில் என் வலப்பக்கம் சின்னப்பையன், செல்லக்கனியின் பக்கத்தில் கெங்கம்மா. குழம்பில் புளி கொஞ்சம் தூக்கல் என்று கெங்கம்மா சொன்னாள். உண்மைதான். நான் நாற்பது வருடமாகச் சொல்லாமல் இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் ஜெபசிங் லேப் மேனேஜர் ஞானதுரைக்குப் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டான்.

"சின்னப்பையன் ரிப்போர்ட்டா? ஆமா சார், வந்துச்சு. அப்பவே வந்துடுச்சு. மேடம் லீவுல இருந்தாங்கல்ல. சுகமில்லாதவங்கள டிஸ்டர்ப் பண்ண வேணாம்னு சொல்லல."

ஜெபசிங் பட்டென்று போனை வைத்தான். இதை நாங்கள் அப்படியே விடப்போவதில்லை. அதற்கு வேறு நாள் இருக்கிறது.

சுஜாவுக்கு அப்போது வேறு கவலை. "அந்த ரூம்ல என்கூட இருந்தவங்க எல்லாருக்கும் சொல்லணும். எல்லாரும் சோதிச்சுப் பார்க்கணும்." படுத்தபடியே ஒவ்வொருவராக அழைத்தாள். ஒருவர் மாற்றி ஒருவர் எடுத்தார்கள், பயந்தார்கள், திங்கட்கிழமை போகிறோம் என்றார்கள்.

சௌமியா மட்டும் எடுக்கவில்லை. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"பக்கத்து மேசை அவ. நான் மூடியத் திறந்தப்பல்லாம் என் தோள்கிட்ட நின்னா" என்றாள் சுஜா. "அவளுக்கு அஞ்சாவது மாசம் நடக்குது மாமா."

ஆட்டுக்குட்டி வயிற்றிலேயே கலையும் என்று காலையில் கெங்கம்மா சொன்னது எங்கள் எல்லாருக்கும் நினைவு வந்தது. கெங்கம்மா சுஜாவின் காலைப் பிடித்து அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

அவர்கள் கிளம்பிப் போன பிறகு, சாயங்காலம், ரெஜினா சபைப் பெண்கள் நாலைந்து பேரை அழைத்துக்கொண்டு வந்தாள். சுஜாவை ரயிலேற்றும் முன் வழியனுப்பும் ஜெபமாம். காலையில் நாங்கள் ஆட்டோ ஏறியதும் போனவள், நடந்தது எதையும் கேட்காமலே வந்திருந்தாள்.

"சுஜா எங்கயும் போகல" என்றேன் வாசலிலேயே. "டிக்கெட்ட கேன்சல் பண்ணியாச்சு."

"அப்ப தூத்துக்குடிக்காரங்க?"

"வரட்டும். இந்த வீட்டுல என் மருமக கையால காபி குடிக்க இஷ்டமிருந்தா வரட்டும். இல்லன்னா அபினுக்கு வேற வீடு பாரு."

ரெஜினாவின் முகம் கறுத்தது. திரும்பிப் படியிறங்கும்போது, உடன் வந்தவர்களிடம் தாழ்ந்த குரலில், ஆனால் எனக்குக் கேட்கும்படி சொன்னாள். "ஆட்டுத்தொட்டிக்காரி ஒருத்தி கூடையில கறி கொண்டாந்து குடுத்துக்கிட்டே இருந்திருக்கா. அதத் தின்னுதான் இவளுக்கு வந்திருக்கு. அண்ணனுக்குச் சொல்ல வெக்கம்."

நான் கேட்டைச் சாத்தினேன். தெருவில் நின்று பேசுவது எங்கள் வழக்கம் இல்லை.

இரவுக்குள் அது மார்க்கெட் வரை போய்விட்டது. ஞாயிறு காலை பால்காரர் என்னிடம், "அந்தக் கறியக் கொட்டிட்டீங்களா பெரியவரே?" என்று கேட்டார்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் நல்லது நடந்தால், ஒரு கவரில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டு, எதற்காக என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்போம். ஆராதனையில் போதகர் அதை எல்லாருக்கும் கேட்க வாசித்து, பிறகு ஜெபம் செய்வார். பிரசங்கத்தின்போது தூங்குகிறவர்கள்கூட அந்த நேரத்தில் விழித்துக்கொள்வார்கள். யார் வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

அன்று முதல் வரிசையில் என் பக்கத்தில் செல்லக்கனி. அவளுக்கு அந்தப் பக்கம் சுஜா, முதுகுக்குத் தலையணை வைத்து. வர வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. ஜெபசிங்கின் இடம் காலியாக இருந்தது. சௌமியாவின் போன் அப்போதும் அணைந்தே கிடந்ததால், விடிந்ததும் எர்ணாவூரில் அவள் வீட்டைத் தேடிப் போயிருந்தான். அவனிடமிருந்து இன்னும் தகவல் இல்லை. எங்களுக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் ரெஜினா.

போதகர் கவர்களை ஒவ்வொன்றாக எடுத்து, எப்போதும் போல ராகம் போட்டு வாசித்தார். பிறந்தநாள். திருமண நாள். பரீட்சையில் பாஸ். என் கவர் வந்தது.

"கல்மண்டபம் வேதமாணிக்கம் குடும்பத்தார். தங்கள் மருமகள் சுஜாவுக்கு, அவள் செய்யும் வேலையில் தொற்றிய ப்ருசெல்லா என்ற கிருமி இன்னதென்று தெரிந்து மருந்து தொடங்கப்பட்டதற்காக. அவள் கண்டுபிடிக்க உதவியதால் புளியந்தோப்பு சின்னப்பையன் எழுந்து நடப்பதற்காக. நன்றி சொல்ல வந்து எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றிய அவர் மனைவி கெங்கம்மாவுக்காக. மருமகள் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள், இருப்பாள்."

அங்கே ராகம் நின்றது. போதகர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து கடைசி வரிகளைத் தனக்குள் ஒருமுறை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாசியுங்கள் என்று தலையசைத்தேன்.

ராகம் போடாமல் வாசித்தார்:

"கெங்கம்மா வந்தது அந்த ஒரு நாள்தான். அதற்கு வெகு முன்பே மருமகள் படுத்துவிட்டாள். கூடையில் கறி இல்லை. ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. நாங்கள் எல்லாரும் சாப்பிட்டோம்."